உங்க காணிக்கு மேல டவர் லைன் வருதா? இலங்கை மலைநாட்டு ஆக்களுக்கு ஆரம்பத்துல இருந்து ஒரு வழிகாட்டி

வீட்டுக்குப் பின்னால ஒரு நாள் நாலஞ்சு பேர் வந்து ஸ்டான்ட் வச்சு அளந்துட்டு, தேயிலைக்கு நடுவுல செவப்பு பெயின்ட் அடிச்ச ஆப்பு ஒண்ணு இறக்கிட்டுப் போயிடுவாங்க, கேட்டா "லைன் வருதாம்"ங்கிறதத் தவிர யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அப்பிடி முழிச்சிட்டு இருக்கிற ஆக்களுக்குத்தான் இது. நாங்களும் அப்பிடித்தான் அலைஞ்சோம், ஒவ்வொரு ஒபீஸ்லயும் அடுத்த ஒபீஸக் கை காட்டினாங்க. கத்துக்கிட்டத எழுதி வச்சா இன்னொருத்தருக்கு பஸ் காசாவது மிஞ்சும்.

லைனே வேணாம்னு நிப்பாட்டுறதுக்கு இதுல வழி இல்ல, அதையும் மொதல்லயே சொல்லிடுறேன். லக்ஷபான, கொத்மலை, விக்டோரியா, உமா ஓயான்னு நம்ம மலையில எடுக்கிற கரண்ட வெளிய கொண்டு போக லைன் வேணும், மண் சரிஞ்சு ஒரு லைன் விழுந்தா தாங்கிறதுக்கு இன்னொரு பாதையும் வேணும், அதெல்லாம் நியாயம்தான். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கங்க: லைன நகத்தச் சொல்லிக் கேக்கிற காலம் வேற, காசு பேசுற காலம் வேற. மொத காலம் ரொம்பச் சின்னது, பேப்பர் கையில இல்லாட்டி ரெண்டும் கைய விட்டுப் போயிடும்.

1. எந்த லைன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

ஊருக்குள்ள போஸ்ட்ல போறது பெரும்பாலும் 11 இல்லாட்டி 33 கிலோவோல்ட். பெரிய இரும்பு டவர்ல போறது 132 இல்லாட்டி 220 கிலோவோல்ட். சில இடத்துல 33ம் இரும்பு டவர்ல போகும், அதனால பாத்து முடிவெடுக்காம அளக்க வந்தவங்ககிட்டயே வோல்டேஜ் என்னன்னு கேளுங்க. இது ஏன் முக்கியம்னா லைனுக்குக் கீழ ஒதுக்குற பட்டியோட அகலம் அத வச்சுத்தான் வருது. நம்ம நாட்டுல 132க்கு 27 மீற்றர், அதாவது நடுக் கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 13.5, 220க்கு 35 மீற்றர், ரெண்டு பக்கமும் 17.5.

மீற்றர்ல சொன்னா நமக்குப் பிடிபடாது, பேர்ச்சுல பாப்போம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். உங்க காணிக்குள்ள 132 லைன் வெறும் 30 மீற்றர் தூரம் போனாலே 810 சதுர மீற்றர், 32 பேர்ச் அந்தப் பட்டிக்குள்ள வந்துரும். 7 பேர்ச் வீட்டுக் காணி வச்சிருக்கிறவங்க இந்தக் கணக்க ரெண்டு தடவ பாருங்க.

இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, புது லைனா, இல்ல இருக்கிற டவர்ல கம்பி மாத்துற வேலையா. ரெண்டாவது, பக்கத்துல கிரிட் சப்ஸ்டேசன், அதாவது பெரிய லைன் கரண்ட வோல்டேஜ் குறைச்சுப் பிரிக்கிற நிலையம், ஏதும் வருதா. சப்ஸ்டேசன்னா கதையே வேற, அங்க காணிய முழுசா எடுப்பாங்க, 1950ஆம் ஆண்டு காணி சுவீகரிப்புச் சட்டப்படி 2ஆம் பிரிவு நோட்டீஸ்ல இருந்து ஆரம்பிக்கும். லைனுக்கு அப்பிடி இல்ல, காணி உங்க பேர்லயே இருக்கும், மேலால கம்பி போற உரிமையத்தான் கேக்கிறாங்க. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு "காணிய புடுங்கப் போறாங்க"ன்னு ஊர் முழுக்கக் கதை பரவும், நம்பாதீங்க.

2. ஆப்பு அடிக்கிற நேரத்த விட்டுறாதீங்க

இதுதான் முழுக் கட்டுரையிலயும் முக்கியமான இடம், இதுக்கு மட்டும் நேரம் எடுத்து வாசிங்க.

லைன் பாதைய மொதல்ல மேப்லதான் போடுவாங்க, நில அளவைத் திணைக்கள மேப்ப வச்சு ரவுண், ஸ்கூல், கோயில், காட்டு ரிசர்வ் எல்லாம் விலக்கி ஒரு கோடு. அந்தக் கோடு திரும்புற இடங்கள்தான் ஏங்கிள் பொயின்ட், அளக்கிற ஆக்கள் ஏபின்னு சொல்லுவாங்க, ஆப்புலயும் ஏபி 7, ஏபி 8ன்னு நம்பர் எழுதி இருக்கும். ஒரு ஏபிக்கும் அடுத்த ஏபிக்கும் நடுவுல லைன் நேராத்தான் போகும், வளையாது. அந்த நேர் கோட்டுல மேடு எங்க, பள்ளம் எங்கன்னு பாத்து நடு டவர்கள வைப்பாங்க, நம்ம மலையில பெரும்பாலும் ஒரு முதுகுல இருந்து அடுத்த முதுகுக்குத் தாண்டும்.

இது தெரிஞ்சா என்ன கேக்கலாம், என்ன கேக்கக் கூடாதுன்னு விளங்கும். நடு டவர ஒண்ண கோட்டோட நீளத்துக்கு முன்ன பின்ன கொஞ்சம் தள்ளி வைங்கன்னா அது செய்யக்கூடிய காரியம். கோட்ட விட்டுப் பக்கவாட்டுல பத்து மீற்றர் தள்ளுங்கன்னா ரெண்டு பக்கத்து ஏபியும் அசையணும், அதோட அங்கிட்டு இருக்கிறவன் காணிக்குள்ள போகும், அவன் உங்களோட சண்டைக்கு வருவான். ஏபி டவர் கனமானது, செலவும் கூட, அதனால புதுசா ஒரு ஏபி போடுங்கன்னா லேசுல ஒத்துக்க மாட்டாங்க.

ஆப்ப அடிச்ச அன்னைக்கே இத செய்யுங்க:

போன்ல லொகேசன் ஒன் பண்ணிட்டு ஆப்புப் பக்கத்துல நின்னு மேப்ல அந்தப் புள்ளிய சேவ் பண்ணுங்க. நம்பர் தெரியிற மாதிரி கிட்டத்துல ஒரு போட்டோ, வீடும் ஆப்பும் சேர்ந்து தெரியிற மாதிரி தூரத்துல ஒரு போட்டோ. அளக்க வந்தவங்ககிட்ட எந்த ஒபீஸ், புரொஜெக்ட் பேர் என்ன, பொறுப்பான இஞ்சினியர் எங்க இருக்கார்னு மரியாதையா கேட்டு எழுதிக்குங்க. அவங்ககிட்ட கத்தி பிரயோசனம் இல்ல, அவங்க பெரும்பாலும் கொந்தராத்துக்கு வந்த பொடியன்கள், ஒரு பிளேன்டீ குடுத்தீங்கன்னா மிச்ச விபரமும் வரும்.

ஆப்ப புடுங்கி வீசாதீங்க. மனசு கேக்காதுதான், ஆனா அவங்க கணக்கு கம்ப்யூட்டர்ல இருக்கு, நாளைக்கு வந்து அதே இடத்துல அடிப்பாங்க, உங்க மேல பொலிஸ் என்ட்ரி மட்டும் மிஞ்சும்.

அதுக்குப் பிறகு ஒரு கடிதம் எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம், தமிழ்லயே பதில் கேக்கிற உரிமையும் அரசியலமைப்பு 22ஆம் உறுப்புரையில இருக்கு. கடிதத்துல என்ன காரணம் எடுபடும்னா: ஆள் இருக்கிற வீடு பட்டிக்குள்ள வருது, கோயில் இல்லாட்டி மயானம் வருது, ஊருக்கே தண்ணி வர்ற பீலியோட ஊத்து டவர் காலுக்குள்ள வருது, மேல மண் வெடிச்சிருக்கு. எடுபடாத காரணம்: தாத்தா காலத்துக் காணி, பிள்ளைக்கு சீதனமா குடுக்க வச்சிருந்தது, பக்கத்துக்காரன் காணி சும்மாதானே கெடக்கு. பதிவுத் தபால்ல அனுப்புங்க, ரிசீட்ட பத்திரப்படுத்துங்க, ஒரு கொப்பி ஜீஎஸ்க்கு (கிராம சேவகர்), ஒரு கொப்பி பிரதேச செயலகத்துக்கு. கையில குடுத்தீங்கன்னா உங்க கொப்பியில திகதி சீல் வாங்காம வெளிய வராதீங்க.

3. உங்க காணி எந்த வகைன்னு பிரிச்சுப் பாருங்க

நம்ம பக்கத்துல ஒரே லைன் ஒரு கிலோமீற்றருக்குள்ள மூணு வித காணியத் தாண்டும், மூணுக்கும் பேப்பர் வேற.

சொந்த உறுதிக் காணி. கம்பளை, கண்டி, மாத்தளைப் பக்கம் நிறைய. உறுதியில இருக்கிற பேர் இப்ப உசிரோட இருக்கிறவர் பேர்தானான்னு மொதல்ல பாருங்க. தாத்தா பேர்லயே நிக்குது, ஏழு பிள்ளைங்க, பிரிக்கலன்னா நட்டஈடும் பிரிபடாமத்தான் நிக்கும். இறப்பு சான்றிதழ், பிறப்பு சான்றிதழ், கல்யாண சான்றிதழ் எல்லாம் சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு தொடர்ந்து காட்டணும். ஒருத்தர் கட்டார்ல, ஒருத்தர் சென்னையில இருந்தா அங்க உள்ள இலங்கைத் தூதரகத்துல இல்லாட்டி துணைத் தூதரகத்துல அட்டோர்னி பத்திரம் (தனக்குப் பதிலா கையெழுத்து வைக்க இன்னொருத்தருக்குக் குடுக்கிற அதிகாரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்க, அதுக்கு நாள் பிடிக்கும், நோட்டீஸ் வந்த பிறகு ஆரம்பிச்சா காணாது.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துல குடுத்த பெர்மிட், ஜயபூமி, சுவர்ணபூமி அளிப்பு எல்லாம் இதுல. அப்பா பேர்ல இருந்து அவர் இறந்துட்டார்னா பின்னுரித்தாளரா, அதாவது அவருக்குப் பிறகு காணி போய்ச் சேர்ற ஆளா, யார் பேர் பதிஞ்சிருக்குன்னு பிரதேச செயலக காணிப் பிரிவுல உள்ள இடாப்புல பாருங்க. உங்க பேர் இருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போனா மூத்த அண்ணன் பேர் இருக்கும்.

தோட்டக் காணி. இதுதான் பெரிய தலையிடி. காணி அரசாங்கத்துது, 1992ல இருந்து கம்பனிகள் நடத்துறது, லயத்துல இருக்கிற நமக்கு கையில ஒண்ணும் இல்ல. நோட்டீஸ் வர்றது தோட்ட ஒபீஸுக்கு, தொரை, அதாவது தோட்ட மனேஜர், கையெழுத்து வச்சு கம்பனிக்கு அனுப்பிடுவார், லயத்துக்கு விசயம் வர்றப்ப மரம் வெட்டிட்டு இருப்பாங்க. ஆனா மின்சாரச் சட்டம் காணிச் சொந்தக்காரர மட்டும் சொல்லல, அதுல இருக்கிறவரயும் சேத்துத்தான் சொல்லுது. தேயிலைக்குக் கம்பனி காசு வாங்கட்டும், லயத்துக்குப் பின்னால நீங்க போட்ட மரக்கறித் தோட்டம், நட்ட வாழை, மாட்டுக் கொட்டில், இதெல்லாம் உங்க உழைப்பு, இதுக்கு உங்க பேர்ல தனியா கேளுங்க. அதுக்கு அத்தாட்சியா கரண்ட் பில், வாக்காளர் இடாப்புப் பக்கம், ஈபிஎஃப் அட்டை, ஜீஎஸ் கடிதம் வேணும். தொரைகிட்ட தனியாளா போகாதீங்க, லயமே சேர்ந்து ஒரு லிஸ்ட் போட்டு, யார் வீட்டுக்குப் பின்னால என்ன பயிர், எத்தன வாழைன்னு எழுதி, யூனியன் தலைவர் கையெழுத்தோட குடுங்க.

7 பேர்ச் வீட்டுக்காரங்க பத்திரம் வாங்கி இருந்தா அதுல உள்ள பிளான் நம்பரும் லொட் நம்பரும் வீடு நிக்கிற இடத்துக்கு சரியான்னு பாருங்க. வரிசையில ஒரு வீடு தள்ளி மாறி எழுதின பத்திரம் நான் கண்ணால பாத்திருக்கேன்.

அதோட ஒரு விசயம், உங்க பிரதேச செயலகம் எதுன்னு கேட்டுக்கிட்டுப் போங்க. நுவரெலியா மாவட்டத்துல முந்தி 5தான் இருந்துச்சு, பிறகு தலவாக்கலை, நோர்வூட்னு பிரிச்சிருக்காங்க, பழைய நெனப்புல நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போய் வரிசையில நின்னு கடைசியில "இங்க இல்ல"ன்னு கேட்டுட்டு வரக் கூடாது.

4. பைல் ஒண்ணு போடுங்க

ஒரே பைல், எல்லாத்துலயும் மூணு போட்டோ கொப்பி. உறுதி இல்லாட்டி பெர்மிட், சேவயர் பிளான், காணிப் பதிவகத்துல எடுத்த பதிவுப் பிரதி, பிரதேச சபை வரி கட்டின ரிசீட், ஐசி (அடையாள அட்டை), வங்கிப் புத்தகத்து மொதப் பக்கம், ஜீஎஸ் சான்றிதழ், குடும்பத்து சான்றிதழ்கள், போட்டோ.

எத மொதல்ல எடுக்கணும்னா பதிவுப் பிரதி. உறுதியோட பின்பக்கத்துல பதிஞ்ச புத்தக நம்பரும் பக்க நம்பரும் இருக்கும், அதக் குடுத்தா காணிப் பதிவகத்துல எடுக்கலாம், செலவு கொஞ்சம்தான், ஆனா அதுல காணி மேல ஈடு, வழக்கு ஏதும் இருந்தா தெரிஞ்சிரும். கடைசியா எடுக்க வேண்டியது சேவயர். அதுதான் இதுல பெரிய செலவு. பழைய பிளான் இருந்து எல்லைக் கல்லும் இருந்தா புதுசா அளக்கத் தேவையே வராது. சிலர் ஆப்பப் பாத்த மறுநாளே சேவயரக் கூட்டிட்டு வந்துருவாங்க, பிறகு லைன் தள்ளிப் போயிரும், காசு போனது போனதுதான். அளக்கத்தான் வேணும்னா ரெண்டு சேவயர்கிட்ட விலை கேளுங்க, லைன் பட்டியையும் பிளான்ல கீறித் தரணும்னு முன்கூட்டியே பேசிக்குங்க.

பேர் வித்தியாசம். இது நம்ம ஆக்களுக்குன்னே வந்த வியாதி. பிறப்பு சான்றிதழ்ல ராமாயி, ஐசியில இராமாய், தோட்டத்து செக்ரோல்ல (வேலையாள் பேர்ப் பதிவு) ராமாயம்மா, உறுதியில தகப்பன் பேர் முன்ன பின்ன மாறி இருக்கும், சிங்களத்துல எழுதி மறுபடி தமிழுக்கு வந்ததுல எழுத்தே போயிருக்கும். காசு குடுக்கிற நேரத்துல கிளார்க் இத ஒண்ண வச்சே பைலத் திருப்பி அனுப்பிடுவார், அவரக் குத்தம் சொல்லவும் முடியாது. இந்த எல்லாப் பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு சத்தியக்கடதாசி ஜேபிகிட்ட (சமாதான நீதவான்) முடிச்சு வைங்க, ஜீஎஸ் சான்றிதழ்லயும் அந்த எல்லாப் பேரையும் போடச் சொல்லுங்க. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே செய்யக்கூடிய வேலை இது.

லயத்து விலாசம் இன்னொரு பிரச்சின. லய நம்பர் இல்லாம டிவிசன் பேர் மட்டும் போட்டா கடிதம் தோட்ட ஒபீஸ்லயே தூங்கும். எழுதுற ஒவ்வொரு கடிதத்துலயும் போன் நம்பரப் போடுங்க, ரவுண்ல கடை வச்சிருக்கிற சொந்தக்காரர் யாரும் இருந்தா அவர் விலாசத்த "தபால் விலாசம்"னு தனியா போடுங்க.

5. சுற்றாடல் அறிக்கை

10 கிலோமீற்றருக்கு மேல நீளமும் 50 கிலோவோல்ட்டுக்கு மேல வோல்டேஜும் உள்ள லைன்னா தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ 1993ல வந்த வர்த்தமானிப்படி சுற்றாடல் அனுமதி வேணும். முழு மதிப்பீட்டு அறிக்கைன்னா 30 வேலை நாள் பொதுமக்கள் கருத்துக்குத் தொறந்து வைப்பாங்க, பேப்பர்ல மூணு மொழியிலயும் அறிவித்தல் வரும். சின்ன அறிக்கைன்னா அப்பிடிக் கருத்து கேக்க மாட்டாங்க, நாமதான் கேட்டு வாங்கிப் பாக்கணும். அதுல பாதை மேப், எந்த ஜீஎஸ் பிரிவு, வேற என்ன பாதை யோசிச்சு ஏன் விட்டாங்கங்கிறது எல்லாம் இருக்கும், அந்தக் கடைசி விசயம் உங்க கடிதத்துக்கு ரொம்பப் பிரயோசனம்.

குடுக்க மாட்டேன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். விண்ணப்பத்துக்குக் காசு இல்ல, தமிழ்ல எழுதலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள குடுக்கிறதா இல்லையான்னு முடிவு சொல்லணும். "எல்லா விபரமும் தாங்க"ன்னு எழுதாதீங்க, அப்பிடிக் கேட்டா சுத்தி விடுவாங்க. இந்த ஜீஎஸ் பிரிவுக்குள்ள வர்ற டவர் லிஸ்ட், ஏபி நம்பர், என் காணிக்குப் போட்ட மதிப்பீட்டுத் தாள்னு குறிச்சுக் கேளுங்க.

6. நோட்டீஸ் வந்தா

நோட்டீஸ்ல மொதல்ல ரெண்டு திகதியப் பாருங்க: அதுல போட்டிருக்கிற திகதி, உங்க கைக்கு வந்த திகதி. தபால் உறையக் கிழிச்சு வீசிடாதீங்க, சீல் அதுலதான் இருக்கு. பதில் சொல்ல எத்தன நாள்னு உள்ள எழுதி இருக்கும், அதுக்குள்ள எழுத்துல பதில் போகணும், போன்ல சொன்னது கணக்குக்கு வராது. யார் அனுப்பினதுங்கிறதும் முக்கியம். 2009ஆம் ஆண்டு 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு 2024ல 36ஆம் இலக்கச் சட்டம் வந்து, 2025ல திருத்தமும் வந்து, மின்சார சபையையே தனித்தனிக் கம்பனியா பிரிக்க ஏற்பாடாச்சு. அதனால நோட்டீஸ்ல எந்தச் சட்டம், எந்த நிறுவனம்னு இருக்கோ அதையே உங்க பதில்லயும் அப்பிடியே எழுதுங்க.

சம்மதிக்கலன்னா விசயம் பிரதேச செயலாளர்கிட்ட விசாரணைக்குப் போகும். இது கோர்ட் மாதிரி பயப்படுற இடம் இல்ல, மேசை போட்டு அவங்க பக்கம் ஒரு இஞ்சினியர் இருப்பார், ஊர் ஆக்கள் வரிசையா கூப்பிடப்படுவாங்க, ஒருத்தருக்குக் கெடைக்கிறது கொஞ்ச நேரந்தான். அந்த நேரத்துல குடும்பக் கதைய ஆரம்பிச்சு அழுதுட்டு வர்றவங்கதான் அதிகம். நீங்க ஒரு பக்கத்துல எழுதிட்டுப் போங்க: என் காணி இது, டவர் இங்க வருது, இத்தன மீற்றர் முன்னால தள்ளினா வீடு தப்பும், முடியாட்டி இதுக்கு இதுக்கு நட்டஈடு வேணும். அந்தப் பக்கத்த கையில குடுத்து விசாரணைப் பதிவுல சேக்கச் சொல்லுங்க. விசாரணை சிங்களத்துல போனா நிப்பாட்டி தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. போக முடியாட்டி முன்கூட்டியே எழுதி வேற திகதி கேளுங்க, சும்மா போகாம விட்டா எதிர்ப்பு இல்லன்னு எடுத்துப்பாங்க.

2009 சட்டத்துல பிரதேச செயலாளர் விசாரிச்ச பிறகு விசயம், மின்சாரத் துறைய ஒழுங்குபடுத்துற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போற மாதிரி இருந்துச்சு, உங்க முறைப்பாட்டையும் அங்க அனுப்பலாம். லோயர் வைக்க வசதி இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு நிலையங்கள் கோர்ட் வளாகங்கள்ல இருக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்கு அங்க இலவசம்.

பொறி ஒண்ணு இருக்கு, கவனம். ஊருக்குள்ள ஒருத்தர் போர்மோட வருவார், "எல்லாரும் வச்சிட்டாங்க, நீங்கதான் பாக்கி"ம்பார். போர்ம்ல காசுக் கட்டம் வெறுமையா இருந்தா கையெழுத்து வைக்காதீங்க. "முழுமையான, இறுதியான நட்டஈடு"ன்னு வர்ற வரிய யாரும் வாசிச்சுக் காட்ட மாட்டாங்க, அத நீங்க தேடுங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுங்க, எடுக்க விடமாட்டேன்னா அன்னைக்குக் கையெழுத்து இல்ல, அவ்வளவுதான்.

7. மரம், டவர் காலடி, வீடு: காசு எங்க வரும், எங்க தப்பும்

பட்டிக்குள்ள தேயிலை இருக்கலாம், மரக்கறி போடலாம். உயரமா வளர்ற சவுக்கு, டர்பன்டைன், அல்பீசியா, பலா, தென்னை எல்லாம் போகும். டவர் காலடி தனிக் கணக்கு. நாலு காலும் சேர்ந்து பத்துக்குப் பத்து மீற்றர்னு வச்சாலே ஏறக்குறைய 4 பேர்ச், அந்த இடத்துல இனி உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அதனால காலடிக்கு வேற, பட்டிக்கு வேற, மரத்துக்கு வேறன்னு மூணாப் பிரிச்சுக் கேளுங்க. மொத்தமா ஒரு தொகையச் சொன்னா உடைச்சு எழுதித் தரச் சொல்லுங்க.

மர எண்ணிக்கை நடக்கிற அன்னைக்கு வீட்டுல கட்டாயம் ஒரு ஆள் இருக்கணும், கொழுந்து அரை நாள் போனாலும் பரவாயில்ல. முந்தின நாளே நீங்க ஒரு தடவ எண்ணி வைங்க. டெயிலர் டேப் ஒண்ணு போதும், நெஞ்சு உயரத்துல, நாலரை அடிக்கு மரத்தச் சுத்திப் பிடிச்சு அளந்து, சோக் கட்டியால நம்பர் எழுதி, டேப் வாசிக்கிற மாதிரி போட்டோ எடுத்து ஒரு சிஆர் கொப்பியில எழுதுங்க: 14, பலா, சுத்தளவு 5 அடி 2 அங்குலம், காய்க்கிற மரம். சரிவுல நிக்கிற மரத்துக்கு மேல் பக்கத்துல நின்னு அளக்கணும், கீழ்ப் பக்கத்துல நின்னா அளவு மாறும். அவங்க பெயின்ட்ல நம்பர் போட்டுட்டுப் போன பிறகு உங்க கொப்பியோட ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசத்த அன்னைக்கே அவங்க தாள்ல எழுத வைங்க.

எங்க தப்பும்னா மிளகுல. கிளிரிசீடியா மரத்துல மிளகுக் கொடி ஏறி இருக்கும், மரத்த மட்டும் எண்ணிட்டு விறகு விலையில போட்டுருவாங்க. கொடியத் தனியா எண்ணச் சொல்லுங்க, காய்க்கிற கொடியா சின்னக் கொடியான்னும் எழுதச் சொல்லுங்க. கராம்பு, கோப்பி, அவகாடோவும் இப்பிடித்தான், பலகை விலை இல்ல, வருச வருமானம் உள்ள மரம். மிளகு வித்த கடை பில் பழசு ரெண்டு இருந்தாலும் பைல்ல வைங்க. பலா வெட்ட அனுமதி வேணும், மரக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல வர்ற மரம் அது, அந்த அனுமதிய லைன் ஆக்கள் எடுக்கணும், நீங்க எடுக்கப் போகாதீங்க. வெட்டின மரம் யாருக்குங்கிறதையும் வெட்டுறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க, பிறகு லொறி வந்து ஏத்திட்டுப் போன பிறகு சத்தம் போட்டு என்ன செய்ய.

ஆப்பு அடிச்ச பிறகு காசுக்காக அவசரத்துல கொட்டில் கட்டுறது, வாழை நடுறது வேணாம். அளந்த அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க, ஒருத்தர் செஞ்சா ஊர் முழுக்க உள்ள மதிப்பீட்டையே சந்தேகமா பாப்பாங்க. "ஒபீஸ்ல ஆள் தெரியும், நூத்துக்கு இவ்வளவு தாங்க"ன்னு வர்ற புரோக்கர வாசல்லயே அனுப்பிடுங்க.

8. மண்ணும் கானும்

இதப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, காசப் பத்தி மட்டும்தான் பேச்சு. நம்ம மலைக்கு இதுதான் பெரிசு.

டவருக்குக் குழி தோண்டினா நாலு காலோட மண்ணும் எங்கயாவது போகணும். லேசான வழி என்னன்னா அப்பிடியே சரிவுல தள்ளி விடுறது. அது போய் கீழ தேயிலைக் கான (தண்ணி ஓடுற வடிகால்) அடைக்கும், கான் அடைச்சா மழைத்தண்ணி ஓட இடமில்லாம மண்ணுக்குள்ள இறங்கும், மீரியபெத்த மண்சரிவையும் 2025 நவம்பர் டித்வா புயலையும் பாத்த நமக்கு மிச்சத்தச் சொல்லத் தேவையில்ல. அதனால சம்மதக் கடிதத்துலயே நிபந்தனையா எழுதுங்க: தோண்டின மண்ண சரிவுல தள்ளக் கூடாது, கான வேலை முடிஞ்சு தொறந்து குடுக்கணும், காலடியச் சுத்தி கல்லு கட்டி புல்லுப் பத்தை வைக்கணும். வீட்டுக்கு மேல டவர் வருதுன்னா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து மண்சரிவு அறிக்கை இருக்கான்னு கேளுங்க, மாவட்ட ஒபீஸ் நுவரெலியாவுலயும் பதுளையிலயும் இருக்கு, நீங்களும் எழுதி வந்து பாக்கச் சொல்லலாம். ஏற்கனவே நிலத்துல வெடிப்பு, சாஞ்ச மரம், புதுசா கெளம்பின ஊத்து இருந்தா போட்டோ எடுத்து வைங்க, லைன நகத்துறதுக்கு இதவிட பலமான காரணம் கெடையாது.

கல்லு வெடி வைக்கப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடி வீட்டுச் சுவர் எல்லாத்தையும் உள்ளயும் வெளியயும் வீடியோ எடுங்க, பக்கத்துல அன்னைக்குப் பேப்பர் ஒண்ண வச்சு. அது இல்லாட்டி "வெடிப்பு முந்தியே இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. சாமான் ஏத்துற பாதையையும் கேளுங்க, சிமெந்தும் இரும்பும் எந்த வழியால வருதோ அந்த வழியில மிதிபடுற தேயிலைக்கும் மரக்கறிக்கும் நட்டஈடு உண்டு, ஆனா அது மொத எண்ணிக்கையில இருக்காது, வேலை முடிஞ்ச கையோட தனியா எழுதிக் குடுக்கணும்.

9. காசும் அதுக்குப் பிறகும்

காசு ஒரே தடவையில வராது. மரக் காசு முந்தி வரும், காலடிக் காசு பேப்பர் சரியான பிறகு வரும், வழி சேதம் கடைசி. லைனுக்குக் கரண்ட் குடுக்கிற வரைக்கும் எல்லாம் சேர்த்து வருசக் கணக்குல ஓடும், அதனால இந்தக் காச நம்பி சீட்டு எடுக்கிறது, வீட்டு வேலை ஆரம்பிக்கிறது வேணாம். வங்கிக் கணக்குப் பேரும் ஐசி பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். பங்காளிங்க இருந்தா செக் யார் யார் பேர்ல எத்தன பங்குன்னு விசாரணை நடக்கிறப்பவே எழுதிக் குடுத்துருங்க, காசு வந்த பிறகு பிரிக்கலாம்னு விட்ட குடும்பம் இன்னும் பேசிக்கிறதில்ல.

லைன் ஓட ஆரம்பிச்ச பிறகு தகரக் கூரையத் தொட்டா சுருக்குன்னு இருக்கா, துணி காயப் போடுற கம்பியில ஒரு மாதிரி இருக்கா, அது பேய் இல்ல, மேலால போற லைனோட தூண்டல். கூரையையும் கம்பி வேலியையும் எர்த் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க, கம்பிக் கொடிய மாத்தி கயிறு கட்டுங்க. மூடுபனி நாள்ல ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரும், அதுவும் வழமைதான். அவகாடோ பறிக்கிற அலுமினியக் கம்ப மட்டும் பட்டிக்குள்ள கொண்டு போகவே கூடாது, மூங்கிலும் ஈரமா இருந்தா அதே ஆபத்துதான். கம்பி தொங்கினா, கொப்பு சாஞ்சு கெடந்தா கிட்டப் போகாம 1987க்கு எடுங்க, டவர்ல உள்ள நம்பர் பலகைய வாசிச்சுச் சொன்னா உடனே இடம் தெரிஞ்சுக்குவாங்க. அந்த நம்பர இப்பவே போட்டோ எடுத்து போன்ல வைங்க.

பிறகு எப்பவாவது வீட்டுக்கு ஒரு ரூம் இழுக்க பிரதேச சபையில பிளான் போட்டீங்கன்னா லைன் பக்கத்துல இருக்கிற காணின்னு மின்சார ஆக்கள்கிட்ட கடிதம் கேப்பாங்க. சேவயர் பிளான்ல லைன் நடுக் கோட்டையும் பட்டி எல்லையையும் கீறி, கூரை உச்சியோட உயரத்தையும் எழுதிக் கொண்டு போனீங்கன்னா அவங்க வந்து பாத்து எழுதித் தருவாங்க. கடிதம் வர முன்னாடி அத்திவாரம் வெட்டாதீங்க.